கிறிஸ்தவ ஐக்கியமும் கூட்டுப் பிரார்த்தனையும்

ஒவ்வொரு வருஷமும் ஜனவரி மாதம் 18-ந் தேதி முதல் 25-ந் தேதி வரையில் கிறிஸ்தவ சபையினர் பலர் தங்கள் பிரிவுகளை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, ஓரிடத்தில் கூடி ஐக்கியத்துக்காகவும் சமாதானத்துக்காகவும் பிரார்த்தனை செய்து வருகின்றனர். 1908-ம் வருஷத்தில் அமெரிக்காவில் ஆரம்பமான வழக்கம் இது. 1968-ம் வருஷம் முதல் ரோமாபுரித் தலைமைப் பீடமும் ஜினீவாவிலுள்ள உலகச் சபைகளின் சங்கமும் சேர்ந்து தயாரிக்கும் பிரார்த்தனை வாசகங்களே எங்கும் உபயோகிக்கப்படுகின்றன. தமிழ்நாட்டிலும் கத்தோலிக்கர், தென்னிந்தியத் திருச்சபையார், லுத்தரன் சபையார் முதலியோர் இவ்விதம் கூடுவது இன்று புதுமையான செய்தியாக இல்லை. செய்தியாக இல்லாமற் போனதாலேயே அதன் அருமை மறக்கப்பட்டுவிட்டதோ என்று நாம் ஐயுறுகிறோம்.

இது வெறும் சடங்கு என்று சிலர் கூறுகின்றனர். வருஷத்துக்கு ஒரு நாள் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்துவிட்டு, மற்ற முந்நூற்று அறுபத்துநான்கு நாட்களும் தனித்தனி வாசலில் நுழைவதால் என்ன பயன் என்பது அவர்களுடைய கேள்வி. கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் இந்தச் 'சடங்கு' நடப்பதற்கு எத்தனை வருஷம் பிடித்தது, எவரெவர் எதிர்த்தனர், எவ்வளவு பொறுமை வேண்டியிருந்தது என்பதை அறிந்தவர்கள் அவ்வளவு எளிதாகப் பேசமாட்டார்கள். 2011-ம் வருஷத்து ஜனக்கணிதப்படி நமது மாகாணத்தில் கிறிஸ்தவர் தொகை சுமார் 44 லட்சம். நூற்றுக்கு ஆறு பேர். அவர்கள் ஒன்றுபடுவதும் பிளவுபடுவதும் அவர்கள் வீட்டு விஷயம் மட்டுமென்று நாம் கருதவில்லை.

சேலத்திலிருந்து ஆத்தூர் செல்லும் ரஸ்தாவில் கிழக்கே சற்றுத் தூரம் போனால் அயோத்தியாப்பட்டணம் வருகிறது. கோதண்டராமர் கோயில் கொண்ட ஊர். இலங்கையிலிருந்து மீண்ட ஸ்ரீ ராமருக்குப் பட்டாபிஷேகம் இங்கேதான் நடந்தது என்பது ஸ்தல ஐதிகம். சரயூ நதிக்கரையிலிருந்த ஒரு பெயர் சேர்வராயன் மலையடிவாரத்துக்கு வந்து, இவ்வூர் மண்ணுக்கே உரிமையாகிவிட்டது. அங்கே பஸ்ஸுக்கு நிற்கும் குடியானவனுக்கு அது வடநாட்டுப் பெயர் என்ற நினைவே எழாது. இதற்கு நேர்மாறாக, அதே சேலம் சீமையிலுள்ள கிறிஸ்தவ ஆலயங்களின் வரலாற்றைப் பாருங்கள். தத்துவ போதகர் என்று தமிழர் அறிந்த ராபர்ட் டி நொபிலி பாதிரியார் 1623-ம் வருஷத்தில் சேலத்துக்கும் சேந்தமங்கலத்துக்கும் வந்தார். லண்டன் மிஷன் சங்கத்தார் 1827-ல் சேலத்தில் ஊழியம் தொடங்கினர். 1930-ல் சேலம் தனிக் கத்தோலிக்க மேற்றிராசனமாயிற்று. நானூறு வருஷ காலம் இம்மண்ணில் வேரூன்றிய மதம். எனினும் அதன் பிரிவுகளின் பெயர்கள் மட்டும் இன்றளவும் ரோமாபுரியையும் லண்டனையும் ஜெர்மனியையும் விட்டு வந்தபாடில்லை. அயோத்தி நம்மூர் ஆகிவிட்டது. ஆங்கிலிக்கனும் லுத்தரனும் மெதடிஸ்டும் ஆகவில்லை.

பெயர் மட்டுமா வேறு? பேச்சும் வேறு. ஒரே தெருவில் வசிக்கும், ஒரே ரேஷன் கடையில் நிற்கும் இரண்டு குடும்பத்தார், கடவுளைக் கூப்பிடும் வேளையில் மட்டும் இரண்டு தமிழ் பேசி வந்தனர். ஒருவருக்கு அவர் சர்வேசுரன். மற்றவருக்குப் பராபரன், பிற்காலத்தில் தேவன். ஒரு வீட்டில் சேசுநாதர். அடுத்த வீட்டில் இயேசு. இங்கே இராயப்பர், சின்னப்பர், அருளப்பர்; அங்கே பேதுரு, பவுல், யோவான். இவர் கோயிலுக்குப் பூசை காணப் போனார்; அவர் சபைக்கு ஆராதனைக்குப் போனார். இவர் செபம் சொன்னார். அவர் ஜெபம் பண்ணினார். நற்கருணை என்று இவர் வணங்கியதை இராப்போஜனம் என்று அவர் புசித்தார். ஒரே மூல நூலிலிருந்து பிறந்த சொற்கள் இவ்வளவு தூரம் பிரிந்து நின்றதற்குக் காரணம் தமிழ் மொழியின் வளம் அன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பாதிரிமார் தங்கள் தேசத்துச் சண்டையைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து இங்கே இறக்கியதுதான் காரணம்.

அந்தச் சண்டையின் சாட்சிகள் நமது இலக்கியத்திலேயே இருக்கின்றன. சீகன்பால்கு ஐயர் 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, சில வருஷங்களில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றினார். அவருக்குப்பின் வந்த லுத்தரன் குருமாரைக் கண்டித்து எழுதுவதில் வீரமாமுனிவர் தமது அருமையான வசன நடையைச் செலவிட்டார். தேம்பாவணி பாடிய அதே கை 'லுத்தேரினத்தியல்பு' என்ற கண்டன நூலையும் எழுதிற்று. மறுபக்கத்தாரும் சும்மா இருக்கவில்லை. தமிழ் உரைநடை இக்கண்டனங்களால் கொஞ்சம் வளர்ந்தது என்பது உண்மை. அந்த நன்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால் விட்டன்பர்க்கில் மார்ட்டின் லூதருக்கும் ரோமாபுரிப் போப்பாண்டவருக்கும் நடந்த தர்க்கத்துக்காகக் காவேரிக் கரையில் வாழ்ந்த குடியானவர்கள் ஒருவரையொருவர் பதிதர் என்று அழைத்துக்கொண்டது எவ்வளவு பரிதாபம்!

இந்தப் பரிதாபத்தை முதன்முதலில் வாய்விட்டுச் சொன்ன இடமும் அதே தரங்கம்பாடிதான் என்பது சரித்திரத்தின் விநோதம். 1919-ம் வருஷம் மே மாதம் 1-ந் தேதியும் 2-ந் தேதியும் அங்கே முப்பத்துமூன்று பேர் கூடினர். அவர்களில் இருவர் தவிர ஏனையோர் அனைவரும் இந்தியர். அவ்விருவரில் ஒருவர் ஈரோட்டில் லண்டன் மிஷன் ஊழியராயிருந்த பாப்லி துரை. பின்னாளில் திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் அவரே. திருநெல்வேலிச் சீமையிலே பிறந்து, 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சரான வேதநாயகம் சாமுவேல் அசரியாவும், தென்னிந்திய ஐக்கிய சபையைச் சேர்ந்த வி. சாந்தியாகு ஐயரும் அக்கூட்டத்துக்கு உயிராயிருந்தனர். ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்து பதினெட்டே நாட்கள் ஆகியிருந்த சமயம் அது. அவர்கள் வெளியிட்ட அறிக்கையின் சாரம் என்ன? எங்களைப் பிரித்து வைத்திருக்கும் பிரிவுகள் நாங்கள் உண்டாக்கியவை அல்ல. வெளியிலிருந்து எங்கள்மீது சுமத்தப்பட்டவை. அவற்றை நிலைநிறுத்த நாங்கள் விரும்பவில்லை என்பதுதான். வேறு ஒரு கூட்டத்தில், வேறு ஒரு விஷயத்தைப் பற்றி, அந்த வருஷத்தில் தேசமெங்கும் ஒலித்த குரலும் ஏறக்குறைய இதுவே அல்லவா?

மேடைப் பேச்சோடு நின்றிருந்தால் தரங்கம்பாடி அறிக்கையும் மறக்கப்பட்டிருக்கும். பேச்சுவார்த்தை இருபத்தெட்டு வருஷம் நடந்தது. எதைப்பற்றி இவ்வளவு காலம் பேசினர் என்று வாசகர் கேட்கலாம். முக்கியமான முடிச்சு அத்தியட்சர் பதவி. அப்போஸ்தலர் காலம் முதல் கைமாறி வந்த அத்தியட்சர் ஒருவர் கைவைத்து அபிஷேகம் செய்யாத குரு, திருவிருந்து பரிமாற அருகர் அல்லர் என்பது ஆங்கிலிக்கன் சபையின் நிலை. அத்தியட்சரே வேண்டாம் என்று முந்நூறு வருஷத்துக்குமுன் அவர்களோடு மல்லுக்கு நின்று பிரிந்தவர்களின் சந்ததியார் மற்றவர்கள். இவ்விரு கட்சியாரையும் ஒரே சபையில் அமர்த்துவது எப்படி? கடைசியில் கண்ட வழி மிக எளியது. இப்போது குருவாயிருக்கும் எவரையும் மறுபடி அபிஷேகம் செய்யவேண்டியதில்லை. இனிமேல் குருவாகிறவர்கள் அனைவரும் அத்தியட்சரால் அபிஷேகம் பெறுவார்கள். இரண்டு விதக் குருமாரும் முப்பது வருஷம் பக்கத்தில் பக்கத்தில் ஊழியம் செய்யட்டும். மனமொப்பாத சபையின்மீது எந்தக் குருவையும் திணிப்பதில்லை. கொள்கையை விட்டுக்கொடுக்காமல் காலத்தின்மேல் பாரத்தைப் போட்ட இந்த ஏற்பாட்டை, சமரசம் செய்யப் புகும் ராஜதந்திரிகள் யாவரும் ஒரு முறை படித்துப் பார்க்கலாம்.

இந்த ஏற்பாட்டுக்கு எதிர்ப்பு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் கடலுக்கு அப்பாலிருந்து. டி. எஸ். எலியட் என்ற பிரசித்தி பெற்ற ஆங்கிலக் கவிஞர் 1943-ல், யுத்தத்தின் நடுவே, தென்னிந்திய ஐக்கியத் திட்டத்தைக் கண்டித்துத் தனிப் பிரசுரமே எழுதி வெளியிட்டார். இந்த ஐக்கியம் அழிவின் மூலம் வரும் ஐக்கியம் என்பது அவருடைய வாதம். தென்னிந்தியாவில் ஒரு கிராமத்துச் சபையில் இரண்டு பேர் ஒரே பாத்திரத்தில் பானம் பண்ணுவதால் லண்டனில் எது அழிந்துவிடும் என்பது நமக்கு விளங்கவில்லை. ஐக்கியத்தில் சேர்ந்த திருமண்டலங்களுக்கு இங்கிலாந்துச் சங்கம் ஒன்று தனது நேரடிப் பண உதவியையும் நிறுத்திக்கொண்டது. பணம் அனுப்புகிறவனுக்குப் பணிந்து போவதா, தன் மனச்சாட்சிக்குப் பணிவதா என்ற சோதனை நமது கிறிஸ்தவ சகோதரர்களுக்கு அன்று வந்தது. அவர்கள் சோதனையில் தேறினர்.

1947-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 27-ந் தேதி, தேசம் சுதந்திரமடைந்து நாற்பத்துமூன்றாம் நாள், சென்னை கதீட்ரல் ரோட்டிலுள்ள பரிசுத்த ஜார்ஜ் ஆலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. தலைமை வகித்தவர் மத்திய திருவிதாங்கூர் அத்தியட்சர் சி. கே. ஜேக்கப் அவர்கள். ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, தென்னிந்திய ஐக்கிய சபை ஆகிய மூன்றும் ஒன்றாகி, பதினான்கு அத்தியட்ச மண்டலங்களாக அமைந்தன. அன்றே ஒன்பது புதிய அத்தியட்சர்கள் அபிஷேகம் பெற்றனர். கடல் கடந்து யாழ்ப்பாணமும் ஒரு மண்டலமாகச் சேர்ந்தது, அதற்குச் ச. குலேந்திரன் என்ற தமிழரே அத்தியட்சரானார். சேலத்து லண்டன் மிஷன் சபைகளும் இவ்வாறே இத்திருச்சபைக்குள் வந்தன. தேசம் இரண்டாகப் பிரிந்து, பஞ்சாபிலும் வங்காளத்திலும் இரத்தம் ஓடிக்கொண்டிருந்த நாட்களில், மூன்று சபைகள் ஒன்றாக இணைந்த ஒரு காட்சியும் இத்தேசத்தில் நடந்தது. அன்று பத்திரிகைகளின் கவனம் வேறிடத்தில் இருந்தது இயற்கையே. இந்தக் காட்சியைக் காண அசரியா அத்தியட்சர் உயிரோடில்லை. 1945-ம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி அவர் காலமாகிவிட்டார்.

சேலத்தைப் பற்றிப் பேசும்போது ஸ்ரீ கே. டி. பால் அவர்களை நினையாதிருக்க முடியாது. 1876-ல் சேலத்தில் பிறந்தவர். இந்திய வாலிபக் கிறிஸ்தவ சங்கத்தின் முதல் இந்தியத் தேசியக் காரியதரிசி. 1930-ல் லண்டனில் கூடிய முதலாவது வட்டமேஜை மகாநாட்டுக்கு இந்தியக் கிறிஸ்தவர் பிரதிநிதியாகச் சென்றார். தமது வகுப்பாருக்குத் தனித்தொகுதி வேண்டும் என்ற கோஷம் பலமாயிருந்த அந்த நாளில், பொதுத் தொகுதியே போதும், அண்டை வீட்டாரின் நல்லெண்ணமே எங்களுக்குப் பாதுகாப்பு என்ற நோக்கில் உறுதியாக நின்றார். மறு வருஷமே இறந்துபோனார். அவர் பிடித்த கொள்கை இறக்கவில்லை. 1949-ம் வருஷம் மே மாதத்தில் அரசியல் நிர்ணய சபை மத அடிப்படையிலான ஒதுக்கீட்டு ஸ்தானங்களைக் கைவிட்டபோது, சென்னையிலிருந்து சென்றிருந்த சேசு சபைத் துறவி ஜெரோம் டிசூசா அவர்களும் அதை ஆதரித்தார். ஒருவர் புராட்டஸ்டண்டு, மற்றவர் கத்தோலிக்கர். ஆலயத்தில் ஒன்றாக ஜெபிக்க அக்காலத்தில் இருவருக்கும் அநுமதியில்லை. தேச காரியத்தில் மட்டும் ஒரே வழியில் நடந்தனர்.

அநுமதியில்லை என்று கூறினோம். அது மிகையன்று. 1928-ம் வருஷத்தில் பதினோராம் பத்திநாதர் என்ற போப்பாண்டவர் வெளியிட்ட சுற்று நிருபம், பிற சபையாரோடு இத்தகைய ஐக்கியக் கூட்டங்களில் கலந்துகொள்ளக் கத்தோலிக்கர்களுக்குத் தடை விதித்தது. சிநேகிதன் கல்யாணத்துக்கு அவனுடைய ஆலயத்துக்குப் போய் வந்ததைப் பாவசங்கீர்த்தனத்தில் ஒப்புக்கொள்ள வேண்டுமோ என்று தவித்த பெரியவர்கள் நம் ஊர்களில் இருந்தனர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ம் வருஷம் நவம்பர் மாதம் 21-ந் தேதி வெளியிட்ட தீர்மானம் அந்தக் கதவைத் திறந்தது. ஐக்கியத்துக்கான பிரார்த்தனைகளில் பிரிந்த சகோதரருடன் சேர்ந்து கொள்வது விரும்பத்தக்கதே என்று அது கூறிற்று. 1965 டிசம்பர் 7-ந் தேதி, 1054-ம் வருஷம் முதல் கிழக்கும் மேற்கும் ஒருவர்மீது ஒருவர் வைத்திருந்த சாபத்தை ரோமாபுரியாரும் கான்ஸ்டாண்டிநோபிள் பிதாவும் ரத்து செய்தனர். தொள்ளாயிரம் வருஷத்துச் சாபம்!

தமிழ்நாட்டில் இந்தத் திருப்பத்தின் சிறந்த பலன், நமது அபிப்பிராயத்தில், ஒரு புத்தகம். இருதரப்பு அறிஞரும் பல வருஷம் ஒரே மேஜையில் உட்கார்ந்து உழைத்து, 1995-ல் திருவிவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பை வெளியிட்டனர். சர்வேசுரனும் பராபரனும் அதில் கடவுள் ஆயினர், பெயர்களும் பொதுவாயின. ஆனால் நடந்தது என்ன? கத்தோலிக்கர் அதைத் தங்கள் ஆலயங்களில் முழுமனதோடு ஏற்றனர். புராட்டஸ்டண்டு பிரசங்க பீடங்களிலோ 1871-ம் வருஷத்துப் பவர் ஐயர் மொழிபெயர்ப்பே இன்னமும் ஆட்சி செய்கிறது. பாட்டியின் வாயால் கேட்டு மனப்பாடமான வாக்கியங்களை விட மனம் வராது என்பதை நாம் அறிவோம். மொழியில் பழமைக்குள்ள இனிமை எமக்கும் தெரியும். இருந்தும், இருவருக்கும் என்று சமைத்த சோற்றை ஒருவர் மட்டும் உண்டால் சமைத்தவர் மனம் என்ன பாடுபடும்? கூட்டுப் பிரார்த்தனை நாளிலாவது இரு தரப்பாரும் அந்தப் பொது நூலிலிருந்து வாசிக்கலாமே.

ஐக்கியம் என்ற சொல்லோடு சமாதானம் என்ற சொல்லையும் இப்பிரார்த்தனைகளில் சேர்த்திருப்பது அலங்காரத்துக்காக அன்று. 1938-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையில் உலக மிஷனெரி மகாநாடு கூடிற்று. முதலில் சீன தேசத்து ஹாங்சௌ நகரத்தில் கூடுவதாக இருந்தது. ஜப்பானியப் படை சீனாவில் புகுந்ததனால் தாம்பரத்துக்கு மாற்றப்பட்டது. சுமார் 470 பிரதிநிதிகள் வந்தனர். அவர்களில் சீனரும் இருந்தனர், ஜப்பானியரும் இருந்தனர். தாய்நாட்டில் ஒருவர் பட்டாளம் மற்றவர் ஊரைக் கொளுத்திக்கொண்டிருக்க, இவர்கள் தாம்பரத்து மரநிழலில் ஒன்றாகப் பிரார்த்தித்தனர். அந்த யுத்தம் அதனால் நின்றுவிடவில்லை. எனினும் பகைவனோடு ஒரே பாயில் முழந்தாளிடுகிறவன் திரும்பிப் போய் அவனைப் பற்றிப் பேசும் பேச்சு வேறாகத்தான் இருக்கும்.

அண்மைக் காலத்து உதாரணம் ஒன்றும் உண்டு. 2019-ம் வருஷம் ஏப்ரல் 21-ந் தேதி, உயிர்த்தெழுந்த ஞாயிறன்று, இலங்கையில் குண்டு வெடித்த மூன்று ஆலயங்களில் இரண்டு கத்தோலிக்கருடையவை: கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயமும் கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயமும். மூன்றாவது மட்டக்களப்பில் தமிழர் கூடும் சீயோன் தேவாலயம்; சுவிசேஷச் சபையார் ஆலயம்; ஞாயிறு பள்ளிக்கு வந்த குழந்தைகள் பலர் அங்கே மாண்டனர். வைத்தவன் இது எந்தச் சபை என்று விசாரித்து வைக்கவில்லை. தங்களுக்குள்ளே பிரித்துப் பார்ப்பவர்கள் இவர்களே. வெளியிலிருப்பவன் கண்ணுக்கு எல்லாரும் ஒருவரே.

இதுவரையில் வெளியிலிருந்து வந்த சுவரைப் பற்றிப் பேசினோம். அதை இடிப்பதில் நமது கிறிஸ்தவ சகோதரர்கள் காட்டிய துணிவை மனமாரப் பாராட்டுகிறோம். இனி, உள்ளூர்ச் சுவர். இதைப் பற்றி எழுதுவது அவர்களுக்கு இனிக்காது, எங்களுக்கும் இனிக்கவில்லை. ஹிந்து சமூகத்தின் மடியில் இதே அழுக்கு மூட்டையாகக் கிடக்க, அடுத்த வீட்டை விமர்சிக்க உங்களுக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால் தலைகுனிந்து கேட்டுக்கொள்வோம். கேட்டுக்கொண்டே எழுதுவோம்.

1833-ம் வருஷத்தில் கல்கத்தா அத்தியட்சர் டானியல் வில்சன், சபைக்குள் ஜாதி வேற்றுமை கூடாது என்று உத்தரவிட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சபையார் பலர் அதற்கு இணங்காமல் வெளியேறினர். வெளியேறியவர்களில் கணிசமானவர்கள், ஜாதி விஷயத்தில் அவ்வளவு கண்டிப்புக் காட்டாத லைப்சிக் லுத்தரன் மிஷனில் பின்னர் போய்ச் சேர்ந்தனர். இதன் பொருளை வாசகர்கள் நிதானித்துப் பார்க்க வேண்டும். ஐரோப்பியர் கொண்டுவந்த சபைப் பிரிவை நாம் நம் ஜாதிப் பிரிவுக்கு ஒதுங்குமிடமாக்கிக் கொண்டோம். ஒரு சபையில் சமமாக உட்காரச் சொன்னால் அடுத்த சபைக்குப் போய்விடலாம். போகும்போது வேதசாஸ்திரக் காரணம் ஒன்றையும் கையில் எடுத்துக்கொண்டு போகலாம். ஆகவே வெளிச்சுவர், உட்சுவர் என்று இரண்டாகப் பேசுவதுகூட முழு உண்மையாகாது. ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு நின்றன.

கத்தோலிக்கர் பக்கத்தில் வடக்கன்குளத்து வரலாறு பிரசித்தமானது. திருநெல்வேலிச் சீமையிலுள்ள அந்த ஊரில் ஜாதிக்கு ஒரு பாகமாக ஆலயம் பிளக்கப்பட்டு, நடுவே சுவர் நின்றது. பலிபீடம் ஒன்று, பாதைகள் இரண்டு. 1910-ம் வருஷத்தில் கௌசானல் என்ற சேசு சபைக் குரு அச்சுவரை இடித்துத் தள்ளினார். விவகாரம் சென்னை ஹைக்கோர்ட்டு வரை போயிற்று. சுவர் மீண்டும் எழவில்லை. ஒரு குரு, ஒரு கடப்பாரை. அதற்கு ஒரு ஜாதியாரின் வழக்கும் வசையும் விலை.

அது நடந்து நூறு வருஷத்துக்குமேல் ஆகிவிட்டதே என்று சமாதானம் அடைய இடமில்லை. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் வெளியிட்ட கொள்கை அறிக்கையில், திருச்சபைக்குள் தலித் கிறிஸ்தவர்கள் அநுபவிக்கும் பாகுபாட்டை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட நேர்மையைப் பாராட்டுகிறோம். 2013-ம் வருஷத்து ஐக்கியப் பிரார்த்தனை வாரத்துக்கான வாசகங்களை உலகம் முழுமைக்கும் தயாரிக்கும் பொறுப்பு இந்திய மாணவர் கிறிஸ்தவ இயக்கத்துக்குக் கிடைத்தது. அகில இந்தியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர் சங்கமும் இந்தியச் சபைகளின் தேசிய சங்கமும் அவர்களுக்குத் துணை நின்றன. அவ்விளைஞர்கள் தேர்ந்த விஷயம் என்ன? மீகா தீர்க்கதரிசியின் கேள்வி. அதன் வழியாகத் தலித் மக்களுக்கு இழைக்கப்படும் அநீதி. ஜாதியால் பிரிந்து நிற்கும் சபையார் சபை ஐக்கியத்தைப் பற்றிப் பேசுவது எங்ஙனம் என்று உலகத்தாரின்முன் அவர்கள் கேட்டனர். பெரியவர்கள் கேட்கத் தயங்கியதைப் பிள்ளைகள் கேட்டார்கள்.

அரசாங்கத்தை நோக்கிக் கேட்கும்போது எல்லாச் சபையாரும் ஒரே குரலில் கேட்கின்றனர். 1950-ம் வருஷம் ஆகஸ்டு 10-ந் தேதியிட்ட ஜனாதிபதி உத்தரவு, தாழ்த்தப்பட்டோர் பட்டியலை ஹிந்துக்களோடு நிறுத்திற்று. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவராகிய தலித்துகள் சேர்க்கப்படவில்லை. அந்தத் தேதியைக் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து கறுப்பு தினமாக அநுஷ்டித்து வருகின்றனர். கோரிக்கை பரிசீலனைக்குரியது. ஆனால் சர்க்காரை நோக்கி, எங்களுக்குள்ளும் ஜாதிக் கொடுமை உண்டு, ஆகவே சலுகை வேண்டும் என்று வாதாடும் அதே வாய், சபைக்குள் திரும்பி, நமக்குள் ஜாதி இல்லை என்று சாதிப்பது பொருந்துமா?

சபை ஐக்கியம் பேசுவோர் கவனிக்க வேண்டிய வேறு சில விஷயங்களும் உண்டு, சுருக்கமாகக் கூறுகிறோம். பெந்தெகொஸ்தே சபைகளும் சுயேச்சைச் சபைகளும் சேலம், நாமக்கல் ஜில்லாக்களிலும் பெருகிவிட்டன. கூட்டுப் பிரார்த்தனை மேடைகளில் அவர்களை அரிதாகவே காண்கிறோம். அழைக்கப்படவில்லையா, அழைத்தும் வரவில்லையா என்பதை அவரவர் சொல்ல வேண்டும். தவிர, ஒன்றுபட்ட சபைக்குள்ளேயே நிர்வாகத் தேர்தல்களும் சொத்துக்களும் கோர்ட்டுகளில் கிடந்து அலைவதைப் பத்திரிகை படிக்கும் எவரும் அறிவர். இருபத்தெட்டு வருஷப் பொறுமையால் கட்டிய வீட்டை வக்கீல் நோட்டீசுகளால் நடத்துவது அசரியாவுக்கும் சாந்தியாகு ஐயருக்கும் செய்யும் மரியாதை ஆகாது. மேலும் ஒன்று: திருவிருந்தில் கத்தோலிக்கரும் மற்றவரும் இன்னும் சேர்ந்து பங்குகொள்ள இயலவில்லை. இது குருமார் தீர்க்கவேண்டிய சாஸ்திரச் சிக்கல். பத்திரிகைக்காரர் தலையிட வேண்டிய இடமன்று.

கல்லறை விஷயமோ சாஸ்திரச் சிக்கல் அன்று. எந்த வேத வாக்கியமும், எந்தச் சங்கத் தீர்மானமும் இரண்டு பிணங்களுக்கு நடுவே சுவர் கட்டச் சொல்லவில்லை. நவம்பர் மாதம் 2-ந் தேதி கல்லறைத் திருநாள். கத்தோலிக்கரும் தென்னிந்தியத் திருச்சபையாருமாக அன்று தங்கள் முன்னோர் சமாதிகளைச் சுத்தம் செய்து, வெள்ளையடித்து, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுகின்றனர். ஜனவரி மாதத்துக் கூட்டுப் பிரார்த்தனையை வழக்கம்போல் நகரத்துப் பெரிய ஆலயத்தில் நடத்தட்டும், ஆயரும் அத்தியட்சரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கட்டும், படம் பிடிக்கட்டும், ஆட்சேபணையில்லை. அதோடு நவம்பர் 2-ந் தேதி மாலையிலும் ஒரு கூட்டுப் பிரார்த்தனை வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். அதற்கு ஸ்தலம் தேடி அலைய வேண்டியதில்லை. எந்த ஊர்க் கல்லறையில் ஜாதிக்கு ஒரு பக்கம் என்று இன்னமும் பிரிவு இருக்கிறதோ, அந்த ஊரைத் தேர்ந்துகொள்ளலாம். பங்குத் தந்தையும் போதகரும் அந்தச் சேரித் தெருவிலிருந்தே ஜனங்களோடு புறப்பட்டு வரலாம். பட்டியல் தயாரிப்பதற்கு ஒரு வாரம் போதும். எந்தெந்த ஊர் என்பது அவ்விருவருக்கும் நன்றாகத் தெரியும்.